தடைக்காலம் கடலுக்கு மட்டும்தானா?

காசிமேடு_மகன்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் 15 வந்துவிட்டால் எங்கள் காசிமேடு மீன்பிடித் துறைமுகப் பக்கம் சத்தமே அடங்கிவிடும். லாஞ்சுகள் என்று நாங்கள் சொல்லும் விசைப்படகுகள் எல்லாம் தோளோடு தோள் உரசிக் கட்டிக் கிடக்கின்றன. கரையில் பெயின்ட் வாசனை, பிரித்துப் போட்ட இன்ஜின்கள், நிழல் பார்த்து உட்கார்ந்து வலையின் கிழிசலைக் கட்டுகிறவர்கள். என் அப்பா முப்பது வருடமாக லாஞ்சில் போகிறவர். சொந்தப் படகு கிடையாது, பங்குக்குத்தான் போகிறார். ஜூன் 14 வரை 61 நாள் வீட்டில்தான். நிவாரணம் 8,000 ரூபாய். 2023-ல் தான் 5,000-லிருந்து உயர்த்தி அறிவித்தார்கள். தொகை போதாது என்று பேச இந்த இழையைத் தொடங்கவில்லை.

போன செப்டம்பரில் ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவைப் பார்க்க ஏலக்கூடத்துக்குப் போயிருந்தேன். வஞ்சிரம், பாறை, கடம்பா எல்லாம் ஏலம் போன பிறகு ஓரத்தில் கழிசல் குவிந்திருந்தது. குந்தி உட்கார்ந்து கையால் கிளறிப் பார்த்தேன். விரல் நீளச் சங்கரா. தீப்பெட்டி அளவு வவ்வால். ரிப்பன் மாதிரி வாளைக் குட்டி. ஒரு சங்கராவை உள்ளங்கையில் வைத்தேன், தலையும் வாலும் கைக்குள்ளேயே அடங்கிவிட்டன. அந்தக் குவியல் அப்படியே தீவனத் தூள் ஆலைக்குப் போகிறது, கோழிக்கும் இறால் பண்ணைக்கும். "இது வளர்ந்திருந்தா என்ன விலை போகும்னு யோசிச்சுப் பாரு" என்று மட்டும் அப்பா சொன்னார்.

இரண்டு மாதம் பட்டினி கிடந்து மீனை இனப்பெருக்கம் செய்ய விடுகிறோம். அடுத்த மூன்று மாதத்தில் அதன் குஞ்சை வாரிக் கோழிக்குப் போடுகிறோம். கடல் தரையோடு இழுத்துப் போகும் இழுவை வலையின் கடைசிப் பையில் கண்ணி, அதாவது வலைத் துளை, 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று விதி இருக்கிறதாம். அந்தக் கண்ணியை யார் அளக்கிறார்கள்? அரசு இந்தக் கடலை எப்படித்தான் நிர்வகிக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாரிமுனை_சட்டம்

தம்பி, முதலில் கடல் யார் கையில் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 21-வது இனம் மீன்வளம். ஒன்றியப் பட்டியலின் 57-வது இனம், எல்லைக் கடலுக்கு அப்பாலுள்ள மீன்பிடிப்பை டெல்லிக்குக் கொடுத்துவிடுகிறது. ஆக, கரையிலிருந்து 12 கடல் மைல், சுமார் 22 கிலோமீட்டர் வரை மாநிலம். அதற்கப்பால் 200 கடல் மைல் வரை ஒன்றியம். உங்கள் அப்பா போகும் லாஞ்சு ஒரே நடையில் இரண்டு அரசுகளின் கடலிலும் வலை விரித்துவிட்டு வருகிறது.

மாநிலத்தின் கையில் இருப்பது 1983-ல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம். எழுபதுகளில் இழுவைப் படகுக்காரர்களும் கட்டுமரக்காரர்களும் கடலிலும் கரையிலும் மோதிக்கொண்டதன் விளைவு அது. கரையோரத்து 3 கடல் மைல் சின்னத் தொழில்காரர்களுக்கு, விசைப்படகு அதற்கு வெளியே என்று கோடு போட்டார்கள். 2020 விதிகளில் அதை 5 கடல் மைலாக்கினார்கள். படகின் நீளம் 24 மீட்டர், இன்ஜின் 240 குதிரைத்திறன் என்று உச்சவரம்பும் வந்தது. இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டைமடியும், மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியைச் சுருக்கும் சுருக்குமடியும் 2000-லிருந்தே இங்கே தடை. சுருக்குமடி வழக்கில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு வெளியே திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று இடைக்காலமாக அனுமதித்தது. 2025 நவம்பரில் ஒன்றிய அரசு தன் கடலுக்குத் தனியாக விதி கொண்டுவந்து, இயந்திரப் படகுகள் அங்கே மீன்பிடிக்க அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றது.

இத்தனையையும் படித்த பிறகு எனக்கு ஒன்று உறுத்தியது. விதி எல்லாம் படகைப் பற்றி, வலையைப் பற்றி, தேதியைப் பற்றி. மீன் எங்கே வளர்கிறது என்பது பற்றி மிகக் குறைவு.

ஃபைபர்_ஒற்றியூர்

கோடு காகிதத்தில் இருக்கிறது. ராத்திரி கடலில் எங்கே இருக்கிறது?

எங்களுடையது ஃபைபர் படகு, மூன்று பேர். இரண்டு வருடம் முன்பு கவலை மீனுக்கான வலை விட்டுவிட்டு விளக்கு கட்டி மிதந்துகொண்டிருந்தோம். கரையில் வெளிச்சம் தெரிகிற தூரம்தான். ஒரு லாஞ்சு இழுத்துக்கொண்டே வந்து வலை மேலேயே போய்விட்டது. கத்தினோம், இன்ஜின் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்டிருக்காது. விடியற்காலையில் கிடைத்தது நாலு மிதவையும் ஒரு கைப்பிடி நூலும். வலைக்கு வாங்கிய கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன். புகார் கொடுக்கப் போனால் படகு எண் என்ன என்று கேட்டார்கள். இருட்டில் எண்ணை எப்படிப் படிப்பது?

தடைக்காலம் பற்றியும் ஒரு வார்த்தை. சித்திரை வைகாசியில் மீன் முட்டையிடும் என்கிறார்கள். நான் ஐப்பசியிலும் சினை மீன் பார்க்கிறேன், தையிலும் பார்க்கிறேன். மழைக்காலத்துக்கு மாற்றினால் என்ன? அப்போது எப்படியும் பாதி நாள் கடலுக்குப் போக முடியாது.

காசிமேடு_மகன்

அண்ணா, உங்கள் வலை போனதைப் படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. லாஞ்சு பக்கத்து நிலைமையையும் சொல்லிவிடுகிறேன், சமாதானம் சொல்வதாக நினைக்க வேண்டாம். அப்பாவுக்கோ கூடப் போகிறவர்களுக்கோ எங்கே இழுப்பது என்று முடிவு செய்யும் இடமில்லை. டீசல், ஐஸ், ரேஷன் என்று ஒரு நடைக்கே லட்சக்கணக்கில் ஆகிறது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி ஏலக்காரரிடம் வாங்கிய முன்பணம். மீன் வந்தால் அவர் வழியாகத்தான் விற்க வேண்டும். வெளிக்கடலில் மூன்று நாள் ஒன்றும் படாவிட்டால், செலவுக்காவது வரட்டும் என்று ஓட்டுநர் கரைப்பக்கம் திரும்புகிறார். வரியில்லா டீசல் வருடத்துக்கு 19,000 லிட்டர் வரை கொடுக்கிறார்கள். அது கடலுக்குப் போக உதவுகிறது. வெறும் கையோடு திரும்பி வரும் நடைக்கு ஒன்றும் இல்லை.

பொன்னேரி_மாணவி

மீன்வளக் கல்லூரியில் படிக்கிறேன். ஒற்றியூர் அண்ணா சொன்னது சரி. நம் மாதிரி வெப்பக் கடலில் எல்லா மீனும் ஒரே பருவத்தில் முட்டையிடுவதில்லை. பல இனங்கள் வருடத்தில் பல மாதம் சினையோடுதான் இருக்கும். தமிழ்நாட்டில் தடை 2001-ல் 45 நாளாகத் தொடங்கியது, 2017-லிருந்து 61 நாள். இதன் நிஜமான பலன், இரண்டு மாதம் இழுவை வலை கடல் தரையை உழாமல் இருக்கிறது என்பதுதான். தரையில் ஒட்டி வாழும் உயிர்கள் கொஞ்சம் மூச்சு விடும், குஞ்சுகள் கொஞ்சம் பருக்கும். ஜூன் 15-க்குப் பிறகு முதல் சில வாரம் கூடுதலாகப் படுவது அதனால்தான். மழைக்காலத்துக்கு மாற்றினால், படகு எப்படியும் போகாத நாட்களையே தடை நாளாகக் கணக்குக் காட்டியது போல ஆகிவிடும். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள்.

குஞ்சு மீனுக்குத் தனியாக விதி செய்ய முடியும். கேரளாவில் 58 இனங்களுக்குக் குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறார்கள். மத்தி என்றால் 10 சென்டிமீட்டர். அதற்குக் குறைந்ததோடு பிடிபட்டால் மீனைப் பறிமுதல் செய்து அபராதம் போடுகிறார்கள். கரைக்கு வந்த மீனை அளக்க அடிக்கோல் போதும், கடலுக்குள் துரத்திப் போக வேண்டியதில்லை.

இறாலைப் பற்றியும் சொல்ல வேண்டும், நம் வட சென்னைக்கு அதுதான் முக்கியம். தாய் இறால் கடலில் முட்டையிடும். அந்தக் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவில் மிதந்து, இரண்டு மூன்று வாரத்தில் அலையோடு முகத்துவாரத்துக்குள் நுழையும். எண்ணூர்க் கழி, பழவேற்காடு ஏரி மாதிரி உப்பும் நல்ல தண்ணியும் கலக்கும் இடத்தில், சேற்றிலும் கண்டல் வேரிலும் சில மாதம் வளர்ந்து மறுபடி கடலுக்குப் போகும். காசிமேட்டில் ஏலம் போகும் இறாலில் நிறைய, கழியில் பள்ளிக்கூடம் முடித்து வந்தவை. கடலுக்கு 61 நாள் ஓய்வு கொடுத்துவிட்டுக் கழியைக் கொன்றுவிட்டால் திரும்பி வர அங்கே என்ன இருக்கும்?

புழல்_கரை

கடலைப் பற்றியே பேசுகிறீர்கள், ஏரிக்காரர்களையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். புழல், சோழவரம் பக்கம் ஏரி மீனவர் சங்கத்தில் இருப்பவர்கள் நாங்கள். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு விட்டு வளர்த்துப் பிடிக்கிற வேலை. இந்தக் கெண்டைகள் குளத்தில் தானாக முட்டையிடாது. 1957 ஜூலை 10-ல் ஹிராலால் சவுத்ரி என்ற விஞ்ஞானி மூளையடிச் சுரப்பிச் சாறு ஊசி போட்டு முட்டையிட வைத்த பிறகுதான் ஊர் ஊருக்குக் குஞ்சு கிடைத்தது. அந்த ஜூலை 10-ஐத் தான் மீன் விவசாயிகள் தினம் என்று கொண்டாடுகிறார்கள்.

2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஊரெல்லாம் குடத்தோடு லாரியைப் பார்த்து நின்றது. அந்த நேரம் ஏரி நடுவில் மிஞ்சிய குட்டையில் மீன் வாயைத் திறந்து திறந்து மூடியதை நாங்கள் பார்த்தோம். இரண்டு நாளில் நாற்றம். ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிறுத்துவது என்பது மீன்வளத் துறை கையில் இல்லை, சங்கத்தின் கையிலும் இல்லை. மனிதனுக்குக் குடிநீர்தான் முதலில், அதை மறுக்கவில்லை. தண்ணீர் இறங்கும் என்று ஒரு மாதம் முன்னால் சொல்லியிருந்தால் பெரிய மீனையாவது பிடித்து விற்றிருப்போம்.

கொளத்தூர்_தொட்டி

வண்ணமீன் தொழிலில் இருக்கிறேன். புழல் அண்ணன் ஏரியைப் பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். தொட்டிக் கண்ணாடியில் பாசி சாப்பிடும் 'டேங்க் கிளீனர்' மீனை எல்லோருக்கும் தெரியும். விரல் நீளத்தில் வாங்கிப் போவார்கள். முழ நீளம் வளர்ந்ததும் கொல்ல மனசு வராமல் ஏரியில் விட்டுவிடுவார்கள். தென் அமெரிக்க மீன், முதுகில் கவசம் மாதிரி ஓடு. அதைத் தின்ன இங்கே ஆளில்லை. வலையில் மாட்டினால் முள் சிக்கி வலையே கிழியும். இப்போது என் கடையில் அதை விற்பதில்லை. வளர்க்க முடியாமல் கொண்டு வருகிறவர்களிடம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

புழல்_கரை

நல்ல காரியம் தம்பி. போன மாதம் எங்கள் வலையில் ஒரே இழுப்பில் பதினோரு டேங்க் கிளீனர். ஒவ்வொன்றையும் பிரித்தெடுக்க வலையை அறுக்க வேண்டியதாயிற்று. அதே மாதிரிதான் ஆப்பிரிக்கக் கெளுத்தி. நாட்டிலேயே தடை செய்த மீன், இருந்தும் வீட்டுப் பின்னால் குழி வெட்டிக் கோழிக்கடைக் கழிவைக் கொட்டி வளர்க்கிறார்கள். மழையில் குழி நிரம்பினால் அது ஏரிக்கு வந்துவிடும், நம் விரால் குஞ்சைத் தின்றுவிடும். பிடிக்க வருகிறவர்கள் குழியை அழித்துவிட்டுப் போகிறார்கள், அடுத்த வருடம் பக்கத்துத் தெருவில் புதிதாக ஒரு குழி.

எண்ணூர்_கழி

பொன்னேரித் தங்கச்சி, நீ எழுதியதை என் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "பள்ளிக்கூடம்னு சரியாத்தான் சொல்லுது பொண்ணு" என்றார்.

அம்மா கழியில் கையால் இறால் தடவிப் பிடிக்கிறவர். மார்பளவு தண்ணீரில் குனிந்து, பனை ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிப் போவார். இறால் விரலில் பட்டதும் பிடித்துப் பறிக்குள் போடுவார். முன்பு நாலு மணி நேரத்தில் பறி நிறையும், மண்ணுக்குள் மஞ்சள் மட்டியும் கிடைக்கும்.

இப்போது தரையெல்லாம் காக்கா ஆழி. காக்கா நிறத்தில் கறுப்பாக, ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிப் பாய் விரித்த மாதிரி கிடக்கும் சிப்பி. வெளிநாட்டுக் கப்பல்கள் பாரத்துக்காக நிரப்பி வரும் தண்ணீரோடு வந்திருக்கலாம் என்கிறார்கள். அது மூடிய இடத்தில் இறால் புதைய மண் கிடைக்காது, மஞ்சள் மட்டி செத்துவிடும். கால் வைத்தால் கிழித்துவிடும். அம்மாவின் இரண்டு பாதங்களிலும், விரலிடுக்கில், ஆறாத கீறல்கள் இருக்கின்றன. உப்புத் தண்ணீரில் தினமும் இறங்கினால் எப்படி ஆறும்?

இதற்கு மேல் அனல் மின் நிலையச் சாம்பல். இதற்கு மேல் 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய். அந்த வாரம் வலையை எடுத்தால் தார் ஊற்றிய மாதிரி இருந்தது. படகின் பக்கவாட்டில் விரலை வைத்தால் விரல் கறுப்பாக வந்தது. நிவாரணம் கொடுத்தார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்கு 12,500 ரூபாய், 787 படகுகளுக்கு 10,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். படகைத் துடைத்துவிட்டோம். சேற்றுக்குள் இறங்கிய எண்ணெயை யார் துடைப்பார்கள்?

எங்களுக்கும் நிர்வாகம் தெரியும். கழியில் 'பாடு' முறை தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது. நல்ல இடங்களை ஊர்களுக்குள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வோம். இன்று உங்கள் ஊருக்குப் பாடு என்றால் என் அண்ணனே ஆனாலும் அங்கே வலை கட்ட மாட்டான். தகராறு வந்தால் ஊர்க்கூட்டம் உட்கார்ந்து தீர்க்கும். மனிதருக்கு நடுவில் எல்லாவற்றையும் அந்த முறை சமாளித்தது. மேலேயிருந்து வரும் சாம்பலுக்குப் பாடு போட முடியவில்லை.

ஓய்வு_ஆய்வாளர்

முப்பது ஆண்டுக்கு மேல் மீன்வளத் துறையில் வேலை பார்த்தவன். எண்ணூர்ச் சகோதரி கேட்ட கேள்வியைப் பணியில் இருந்தபோது பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நேராகப் பதில் சொல்ல முடியாமல் தலை குனிந்திருக்கிறேன். இன்று சொல்கிறேன்.

மீன் எங்கள் துறையுடையது, தண்ணீர் எங்கள் துறையுடையது அல்ல. ஆறும் ஏரியும் நீர்வளத் துறை. ஆலைக் கழிவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கரையில் என்ன கட்டலாம் என்பது கடலோர மண்டல மேலாண்மை ஆணையம். துறைமுகம் தனி, மின்சாரம் தனி. கழியில் மீன் செத்து மிதந்தால் எங்களுக்கு உத்தரவு வரும். போய் எண்ணுவோம், மாதிரி எடுப்போம், அறிக்கை எழுதுவோம். கழிவுக் குழாயை மூடச் சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்லை. இந்தியாவிலேயே முதலில் மீனுக்கென்று ஓர் அமைப்பு 1907-ல் சென்னை மாகாணத்தில்தான் தொடங்கியது, பிரடெரிக் நிக்கல்சன் தலைமையில். அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பழவேற்காட்டில் ஆளி என்ற உண்ணும் சிப்பியை வளர்த்துப் பார்த்தார். கழியையும் ஏரியையும் மீன் விளையும் நிலமாகவே அவர்கள் பார்த்தார்கள். பிறகு எங்கள் வேலை படகுப் பதிவு, டீசல், நிவாரணப் பட்டியல் என்று ஆகிவிட்டது. அவையும் வேண்டிய வேலைகள்தான், ஏழை வீட்டில் அடுப்பெரிகிறது. ஆனால் ஓர் ஆய்வாளருக்கு அதிலேயே நாள் போய்விடும்.

காசிமேட்டுத் தம்பிக்கு ஒன்று. தடைக்காலத்தில் விசைப்படகு ஒவ்வொன்றையும் அதிகாரிகள் நேரில் வந்து ஆய்வு செய்வது உண்டு. பதிவெண், உரிமம், இன்ஜின், உயிர்காப்பு மிதவை எல்லாம் பார்ப்போம். அன்று எல்லாப் படகும் கரையில், எல்லா வலையும் கரையில். கண்ணியை அளக்க அதைவிட நல்ல நாள் வருடத்தில் கிடையாது. நான் பணியில் இருந்தபோது நேரமில்லை என்று வலையை விரித்துப் பார்க்காமல் வந்த நாட்கள் உண்டு. அது தவறு.

ஃபைபர்_ஒற்றியூர்

ஐயா, இப்படிச் சொல்ல மனசு வேண்டும். நன்றி.

தடையை மழைக்காலத்துக்கு மாற்றச் சொன்னதை நான் விட்டுவிடுகிறேன். மாணவி சொன்ன காரணம் புரிகிறது. ஆனால் 5 கடல் மைல் விஷயத்தில் விட மாட்டேன். லாஞ்சில் இருப்பிடம் காட்டும் கருவி இருந்தால், அது கோட்டுக்குள் வந்த நேரம் பதிவாக வேண்டும். அந்தப் பதிவை நாங்கள் கேட்டால் காட்ட வேண்டும். இருட்டில் எண் படிக்கச் சொல்லக் கூடாது.

பொன்னேரி_மாணவி

பண்ணை இறாலையும் இதில் சேர்க்க வேண்டும். நம் கடலுணவு ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பங்கு அதுதான், 2009-ல் வனாமி என்ற வெளிநாட்டு இறால் வந்த பிறகு இன்னும் ஏறியது. கட்டுப்பாடு வழக்கில் பிறந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்குக் கடிவாளம் போட்டது. 2005-ல் சட்டம் வந்து கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் அமைந்தது, அதன் தலைமையகம் சென்னையில்தான். பதிவு, மருந்துக் கட்டுப்பாடு எல்லாம் உண்டு. ஆனால் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் குட்டை 5 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைக்குத்தான் கட்டாயம். சின்னப் பண்ணைகள் வரிசையாக ஒரே ஓடையில் தண்ணீரை எடுத்து அதே ஓடையில் விடுகின்றன. ஒரு பண்ணையில் நோய் வந்தால் அடுத்த பண்ணைக்கு நாலு நாள் போதும்.

காசிமேட்டுக் கழிசல் தீவனமாகிப் பண்ணைக்கும் போகிறது என்று முதல் பதிவில் இருந்தது. அந்த விரல் நீளச் சங்கராவைக் கொடுத்து வனாமி வளர்க்கிறோம் என்பதை வகுப்பில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. இங்கேதான் தெரிந்துகொண்டேன்.

பாரிமுனை_சட்டம்

ஆட்சியர் தலைமையில் மீனவர் குறைதீர் கூட்டம் நடக்கும். அதற்கு ஒரே மனுவாகக் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. எல்லாவற்றையும் திணித்தால் எதுவும் நடக்காது. இரண்டு மட்டும் எழுதியிருக்கிறேன், படித்துத் திருத்துங்கள்:

தடைக்காலப் படகு ஆய்வு நாளிலேயே ஒவ்வொரு இழுவை வலையின் கடைசிப் பையையும் விரித்துக் கண்ணியை அளந்து, அளவைப் படகின் பதிவேட்டில் எழுத வேண்டும். எண்ணூர்க் கழியை இறால், மீன் குஞ்சு வளரும் இடமாக மீன்வளத் துறை அறிவித்து, அங்கே வேறு துறைகள் எதைச் செய்வதானாலும் மீன்வளத் துறையின் எழுத்துபூர்வ ஒப்புதலும் பாடு ஊர்களின் கருத்தும் கட்டாயம் என்று ஆணையிட வேண்டும்.

ஓய்வு_ஆய்வாளர்

இரண்டாவதில் "காக்கா ஆழியை அகற்றும் பணியில் கழித் தொழிலாளர்களுக்கே கூலி" என்று ஒரு வரி சேர்க்கவும். எந்த இடத்தில் எவ்வளவு அடர்ந்திருக்கிறது என்று அவர்கள் கால்களுக்குத்தான் தெரியும். மனுவோடு நானும் வருகிறேன். பழைய அலுவலர் என்று சொன்னால் உள்ளே விட்டுவிடுவார்கள்.

புழல்_கரை

ஏரித் தண்ணீர் இறங்குமுன் சங்கத்துக்கு முன்னறிவிப்பு. அதை அடுத்த மனுவில் வைத்துக்கொள்ளலாம். இதில் எங்கள் சங்கத்து ஆட்கள் பதினைந்து பேர் கையெழுத்துப் போடுவார்கள்.

காசிமேடு_மகன்

அப்பாவிடம் மனுவைப் படித்தேன். லாஞ்சுக்காரர் வீட்டிலிருந்தே கண்ணியை அளக்கச் சொல்லிக் கேட்டால் உடைமையாளர்கள் கோபப்படுவார்கள் என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "பேனா எடுத்துட்டு வா" என்று கையெழுத்துப் போட்டார். அவரோடு போகிற நாலு பேரும் போட்டிருக்கிறார்கள்.

எண்ணூர் அக்கா, மனுவோடு வைக்கக் கழியின் படம் வேண்டும். எப்போது வரலாம்?

எண்ணூர்_கழி

ஞாயிற்றுக்கிழமை காலை வத்தம், தண்ணீர் இறங்கியிருக்கும், ஆறு மணிக்குள் வந்துவிடுங்கள். பாலத்துக்குக் கீழே அம்மா நிற்பார். செருப்பு போதாது, தடித்த அடி உள்ள ஷூ போட்டு வாருங்கள். காக்கா ஆழி கிழித்துவிடும்.

ஃபைபர்_ஒற்றியூர்

நானும் வருகிறேன். படகை முகத்துவாரம் வழியாகவே கொண்டு வருகிறேன், உள்ளே போய்ப் படம் எடுக்க வசதியாக இருக்கும்.